என்95 மாஸ்க்கில் சானிடைசர் அடிக்கலாமா? இரண்டு வருடம் அடித்துவிட்டேன்

வார்டு_விளக்கு:
வணக்கம். நான் ஸ்டாஃப் நர்ஸ். 2020, 2021 இரண்டு வருடமும் கோவிட் வார்டு, இப்போது நெஞ்சக நோய் வார்டு. அந்த நாட்களில் எங்களுக்கு வாரத்துக்கு ஒரு என்95 தான் கிடைக்கும். டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் மாஸ்க்கின் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் சானிடைசரை நன்றாக அடித்து, மொட்டை மாடிக் கொடியில் கிளிப் போட்டுக் காய வைப்பேன். கூட வேலை பார்த்த இன்னொரு சிஸ்டர் இட்லிக் குண்டானில் ஆவி காட்டுவார். இரண்டு பேருமே ரொம்ப கவனமாக இருக்கிறோம் என்றுதான் நினைத்தோம்.

போன வாரம் ஒரு பயிற்சி வகுப்பில், "ஆல்கஹால் பட்டால் என்95 போச்சு" என்று ஒருவர் போகிற போக்கில் சொன்னார். ஏன் சார் என்று கேட்டேன். நேரமில்லை என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டார். துணி கிழியவில்லை, நிறம் மாறவில்லை, எலாஸ்டிக்கூட இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு எது போகும்?

சும்மா தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்கவில்லை. 2018-ல் எனக்கே காசநோய் வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். அப்போது நான் இருந்த வார்டில் எங்களுக்குக் கொடுத்தது நீல நிற மூன்றடுக்கு மாஸ்க் மட்டும்தான். நான் முகத்தில் கட்டிக்கொண்டு நின்றது என்ன பொருள் என்று எனக்குத் தெரிய வேண்டும். துணி, ஆராய்ச்சி பக்கம் இருப்பவர்கள் யாராவது விளக்குங்கள்.

பாவுநூல்:
சிஸ்டர், நான் கோவையில் நெய்யாத துணி தயாரிப்பில் இருபது வருடமாக இருக்கிறேன். உங்கள் கேள்விக்கு நேர் பதில்: போனது மின்சாரம்.

என்95 மாஸ்க்கை வெட்டிப் பார்த்தால் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று கொஞ்சம் முரட்டுத்தனமான துணி இருக்கும். அது ஸ்பன்பாண்ட், வடிவத்துக்கும் பலத்துக்கும். நடுவில் பஞ்சு மாதிரி மெத்தென்று வெள்ளையாக இருப்பதுதான் வேலை செய்யும் அடுக்கு. எங்கள் பாஷையில் மெல்ட்-ப்ளோன். பாலிப்ரொப்பிலீன் குருணையை உருக்கி, பொடிப்பொடி ஓட்டைகள் வழியே தள்ளி, வெளியே வரும்போதே சூடான காற்றால் அடித்து இழுப்போம். பஞ்சுமிட்டாய் மிஷினைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஒவ்வொரு இழையும் சில மைக்ரான் கனம்தான். மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடி அதைப் போலப் பத்து, இருபது மடங்கு தடிமன். இந்த முறையை 1950-களில் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக்கூடத்தில் வான் வென்டே என்பவர் உருவாக்கினார். அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு காற்றில் மிதக்கும் கதிரியக்கத் துகளைப் பிடிக்க மெல்லிய இழை தேவைப்பட்டது.

இனி எல்லோரும் தப்பாக நினைக்கிற இடம். இது சல்லடை கிடையாது. இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்து, பிடிக்க வேண்டிய துகளைவிட எத்தனையோ மடங்கு பெரியது. அவ்வளவு சின்னச் சந்து வைத்தால் மூச்சே விட முடியாது. பெரிய துகள் காற்றோடு வளைந்து திரும்ப முடியாமல் இழையில் போய் மோதும். ரொம்பச் சின்னத் துகள் காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்துத் தள்ளாடிக்கொண்டே போய் எங்காவது ஒட்டிக்கொள்ளும். தப்பித்துப் போவது நடுவில் இருக்கிறவை, சுமார் 0.3 மைக்ரான். இரண்டு குணமும் அதற்குக் குறைவு. அதனால்தான் சோதனையே அந்த அளவில் வைக்கிறார்கள். பிடிக்கக் கஷ்டமான துகளில் 95 சதவீதம் நின்றால் என்95.

அந்த 95-ஐ எட்ட வைப்பது இழையில் ஏற்றி வைத்திருக்கும் மின்னூட்டம். துணி மிஷினிலிருந்து வரும்போதே உயர் மின்னழுத்தம் வழியே அனுப்பி ஏற்றுவோம். பாலிப்ரொப்பிலீன் மின்சாரத்தைக் கடத்தாது. ஏறிய மின்னூட்டம் போக வழியில்லாமல் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். இந்த மாதிரிப் பொருளுக்கு எலக்ட்ரெட் என்று பெயர். மாஸ்க் துணிக்கு இதை நன்றாகச் செய்துகாட்டியவர்களில் முக்கியமானவர் தைவானில் பிறந்து டென்னசி பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த பீட்டர் சாய். அவருடைய காப்புரிமை ஒன்று 1995-ல் வந்தது. 2020-ல் ஓய்வில் இருந்தவர் திரும்ப வந்து, மாஸ்க்கை எப்படிக் கெடாமல் திரும்பப் பயன்படுத்துவது என்று ராப்பகலாக வேலை பார்த்தார்.

இப்போது உங்கள் சானிடைசர். வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு மாஸ்க்கை வெட்டி நடு அடுக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். பக்கத்தில் ஒரு சொட்டு சானிடைசர் விடுங்கள். உடனே உள்ளே இறங்கிவிடும். ஆல்கஹால் இழையை நனைத்து உள்ளே போய் மின்னூட்டத்தைக் கலைத்துவிடுகிறது. சோப்புத் தண்ணீரும் அதையேதான் செய்யும். 2020-ல் ஸ்டான்ஃபோர்டில் யி சுய் குழு அளந்து பார்த்தார்கள். 95-க்கு மேல் இருந்த வடிகட்டும் திறன் ஆல்கஹாலில் முக்கி எடுத்ததும் சுமார் 56-க்கு வந்துவிட்டது. குளோரினில் சுமார் 73. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

வார்டு_விளக்கு:
அண்ணா, படித்துவிட்டுச் சற்று நேரம் கையே ஓடவில்லை. இரண்டு வருடம்.

ஆவி காட்டிய சிஸ்டரின் மாஸ்க்?

பாவுநூல்:
உங்களுடையதைவிட அது பரவாயில்லை. ஆவி ஒன்றிரண்டு தடவை தாங்கும். திரும்பத் திரும்பக் காட்டினால் ஈரம் இழைக்குள் படிந்து திறன் படிப்படியாக இறங்கும். பீட்டர் சாய் சொன்ன வழி உலர்ந்த சூடு: 70 டிகிரியில் அரை மணி நேரம். அதைவிடச் சுலபமாக இன்னொன்றும் சொன்னார். சில மாஸ்க்கை வரிசையாக வைத்துக்கொண்டு, ஒன்றைப் போட்ட பிறகு சில நாள் காற்றாடத் தொங்கவிட்டு அடுத்ததைப் போடுங்கள் என்றார். கிருமி தானாகச் செத்துவிடும், மின்னூட்டம் அப்படியே இருக்கும். எந்தச் செலவும் இல்லை. இது உங்கள் வார்டுச் சுவரில் அப்போதே தமிழில் ஒட்டியிருக்க வேண்டிய விஷயம். ஒட்டவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் ஆதங்கம்தான். துணி செய்கிற எங்களுக்குத் தெரிந்திருந்தது, போட்டுக்கொள்கிற உங்களுக்குத் தெரியவில்லை.

தென்னந்தோப்பு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு விஞ்ஞானம் பேசுகிறீர்கள், ஆனால் மாஸ்க்கால் பயனில்லை என்று 2023-ல் மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் ஆய்வே சொல்லிவிட்டதே? 78 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் மாஸ்க் போட்டோம், அப்பாவை 2021 மே மாதம் இழந்தோம். யாரையும் குறை சொல்ல வரவில்லை. எனக்கு உண்மை வேண்டும்.

எண்கணக்கு:
தோப்பு அண்ணா, உங்கள் அப்பாவுக்கு என் அஞ்சலி. நான் பொது சுகாதாரத்தில் புள்ளியியல் பார்க்கிறேன்.

அந்த அறிக்கை வந்த பிறகு "மாஸ்க் வேலை செய்யாது என்று இது சொல்வதாக எடுத்துக்கொள்வது தவறு" என்று காக்ரேனின் தலைமை ஆசிரியரே மார்ச் 2023-ல் அறிக்கை விட்டார். அவர்கள் தொகுத்தவை பெரும்பாலும், மாஸ்க் போடச் சொல்லி ஊக்குவித்தால் ஊரில் நோய் குறைகிறதா என்று பார்த்த சோதனைகள். போடச் சொன்னவர்களில் எத்தனை பேர் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்பது எல்லாம் அதற்குள் கலந்துவிடும். துணி வடிகட்டுகிறதா என்பது வேறு கேள்வி. சொன்னால் ஜனங்கள் போடுவார்களா, போட்டு ஊருக்கு எவ்வளவு பலன் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டதால் வந்த குழப்பம் அது.

வங்கதேசத்தில் 600 கிராமங்களில் 3 லட்சத்து 40 ஆயிரம் பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. அபாலக், முஷ்ஃபிக் மொபாரக், ஸ்டீபன் லூபி முதலானோர் செய்தது. மாஸ்க்கை இலவசமாகக் கொடுத்து, எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்து, தெருவில் நின்று நினைவூட்டினார்கள். ஒழுங்காகப் போட்டவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 ஆனார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் அப்போதும் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். அப்படியும், அறுவை சிகிச்சை மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு வந்த தொற்று சுமார் 11 சதவீதம் குறைந்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சுமார் 35 சதவீதம். துணி மாஸ்க் கொடுத்த இடங்களில் இவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை.

இதில் என்95 இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

தென்னந்தோப்பு:
நன்றி தம்பி. நாங்கள் போட்டதெல்லாம் துணி மாஸ்க்தான். தினமும் துவைத்துப் போட்டோம். அப்பா மட்டும் மூச்சு முட்டுகிறது என்று அந்தப் பிளாஸ்டிக் முகக் கண்ணாடி போட்டுக்கொள்வார். அது தடுத்திருக்குமா?

கணிமேகம்:
தோப்பு சார், உங்கள் கேள்விக்குக் கணினி ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது. எனக்கு எழுதக் கஷ்டமாக இருந்தாலும் நீங்கள் உண்மை வேண்டும் என்று கேட்டதால் எழுதுகிறேன். நான் பொறியியல் கல்லூரியில் பாய்ம இயக்கக் கணிப்பு, அதாவது காற்றும் நீரும் ஓடும் விதத்தைக் கணினியில் கணக்கிடுவது, சொல்லித்தருகிறேன்.

ஜப்பானில் கோபே நகரில் ரிக்கென் நிறுவனத்தின் ஃபுகாகு என்ற மீக்கணினி இருக்கிறது. ஜூன் 2020-ல் உலகத்திலேயே வேகமானது என்று முதலிடம் பிடித்தது. விநாடிக்கு 4,000 கோடி கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் போடும். அதை முழுமையாகத் திறந்துவிடும் முன்பே கோவிட் ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். மகோத்தோ சுபோகுராவின் குழு, ஒருவர் இருமினால், பேசினால், பாடினால் துளிகள் எங்கே போகும் என்று கணக்குப் போட்டது. அறையை, முகத்தை, மாஸ்க்கின் ஓரச் சந்தை எல்லாம் கோடிக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் வேகம், வெப்பம், ஈரப்பதம் என்ன என்று நொடியைத் துண்டு துண்டாக நறுக்கி நகர்த்துவார்கள். துளி போகும் வழியிலேயே காய்ந்து சுருங்கும், அதையும் சேர்க்க வேண்டும். அவர்கள் பார்த்ததில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போனால், 60-க்கு மேல் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான துளிகள் காற்றிலேயே மிதக்கும் அளவுக்குச் சிறிதாகிவிட்டன.

முகக் கண்ணாடியையும் பார்த்தார்கள். 5 மைக்ரானுக்குச் சிறிய துளிகள் கிட்டத்தட்ட எல்லாமே ஓரம் வழியே வெளியேறின. 50 மைக்ரான் அளவுத் துளிகளிலும் பாதி. அதாவது தெறிப்பைத் தடுக்கும், மிதப்பதைத் தடுக்காது. வெளியே போகிற வழி திறந்திருந்தால் உள்ளே வருகிற வழியும் திறந்துதானே இருக்கும். இதே குழு 2021-ல் கோவிட் ஆராய்ச்சிக்கான கார்டன் பெல் சிறப்புப் பரிசு வாங்கியது. மீக்கணினித் துறையின் பெரிய பரிசு அது.

ஒன்று சொல்ல வேண்டும். கணிப்பு என்பது நாம் உள்ளே கொடுத்த விதிகளைத்தான் ஓட்டிக் காட்டும். மாஸ்க் துணி எத்தனை சதவீதம் பிடிக்கும் என்ற எண்ணைப் பாவுநூல் அண்ணா மாதிரி ஆட்கள் அளந்து தர வேண்டும். ஒரு மனிதர் எத்தனை துளி விடுகிறார் என்பதை மருத்துவர்கள் அளந்து தர வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் படம் அழகாக இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது. என் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் சொல்வது இதைத்தான்.

மூச்சு_மருத்துவம்:
இந்த உரையாடலைப் பார்த்தேன். நெஞ்சக நோய் மருத்துவர், ஓய்வு பெற்றவன். தோப்பு தம்பி, உங்கள் அப்பா அந்தக் கண்ணாடியைப் போட்டதில் அவர் தப்பும் இல்லை, உங்கள் தப்பும் இல்லை. 28 மார்ச் 2020 அன்று உலக சுகாதார நிறுவனமே "கோவிட் காற்றில் பரவாது, இது உண்மை" என்று உலகத்துக்குச் சொன்னது. காற்றில் பரவாது என்றால் கண்ணாடி போதும் என்றுதானே எவரும் நினைப்பார்கள்?

அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்பது ஒரு பெரிய கதை. 1934-ல் ஹார்வர்டில் வெல்ஸ் என்ற பொறியாளர், துளி விழுவதற்கும் காய்வதற்கும் நடக்கும் போட்டியைக் கணக்குப் போட்டார். சுமார் 100 மைக்ரானுக்குப் பெரியவை விழும், சிறியவை காய்ந்து மிதக்கும் என்றார். பின்னால் அவரும் ரைலி என்ற மருத்துவரும் சேர்ந்து பால்டிமோரில் ஒரு காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே மேலே அனுப்பி, அங்கே கினிப் பன்றிகளை வைத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் யாரும் அவற்றின் அருகில்கூடப் போகவில்லை. காற்று மட்டும்தான் போனது. அவற்றுக்கு நோய் வந்தது. இன்னொரு கூண்டுக்குப் போன காற்றைப் புற ஊதா ஒளி வழியே அனுப்பினார்கள், அங்கே வரவில்லை.

காசநோய்க் கிருமி நுரையீரலின் அடிப்பகுதி வரை போனால்தான் பற்றும். அதற்குத் துகள் 5 மைக்ரானுக்குக் கீழே இருக்க வேண்டும். இந்த 5, அந்த 100 இரண்டும் பிற்காலத்தில் எப்படியோ கலந்து, "5 மைக்ரானுக்கு மேலே உள்ளதெல்லாம் ஒன்றிரண்டு மீட்டரில் விழுந்துவிடும்" என்று பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. நானும் அப்படித்தான் படித்தேன், அப்படியே சொல்லிக்கொடுத்தேன். கணிமேகம் தம்பி கணக்குப் போட்டால் சொல்வார்: ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து 5 மைக்ரான் துளி, அசையாத காற்றில் தரை தொட அரை மணி நேரம் ஆகும். கோவிட் நேரத்தில் லின்சி மார், லிடியா மொராவ்ஸ்கா போன்ற காற்றுத் துகள் விஞ்ஞானிகள் இதைக் கத்திக் கத்திச் சொன்னார்கள். கேட்டி ராண்டல் என்ற ஆராய்ச்சி மாணவி பழைய புத்தகங்களைத் தோண்டி, பிழை நுழைந்த தடத்தைக் கண்டுபிடித்தார். ஜூலை 2020-ல் 239 விஞ்ஞானிகள் ஆதரித்த வெளிப்படைக் கடிதம் வந்தது.

அதற்கு முன்பே சாட்சி இருந்தது. 10 மார்ச் 2020 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஊர்ப் பாடகர் குழு ஒன்று ஒரு தேவாலயத்தில் இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. 61 பேர். அவர்களில் 53 பேருக்கு நோய், உறுதியானதும் சந்தேகத்துக்குரியதும் சேர்த்து. இரண்டு பேர் இறந்தார்கள். ஒரே ஒருவருக்குத்தான் அன்று அறிகுறி இருந்தது.

சிஸ்டர், உங்களுக்கு ஒன்று. மாஸ்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஓரத்தில் சந்து இருந்தால் காற்று அந்த வழியேதான் போகும். நீல மாஸ்க்கின் பெரிய குறை அதுதான். உங்கள் வார்டில் என்றாவது பொருத்தச் சோதனை செய்தார்களா?

வார்டு_விளக்கு:
இல்லை டாக்டர். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. மூக்குக் கம்பியை அழுத்திக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வார்கள்.

பாவுநூல் அண்ணா, நேற்று ராத்திரி நீங்கள் சொன்ன மாதிரி செய்து பார்த்தேன். பீரோவில் புது மாஸ்க் ஒன்று இருந்தது, 2021-ல் சானிடைசர் அடித்துக் காய வைத்த பழையதும் ஒன்று இருந்தது. தூக்கி எறிய மனசு வராமல் வைத்திருந்தேன். இரண்டையும் வெட்டினேன். என் பையன் நோட்டுக் காகிதத்தைக் குருணை மாதிரி கிழித்து மேசையில் கொட்டினான். புது அடுக்கைப் பக்கத்தில் கொண்டுபோனதும் காகிதம் எழுந்து ஒட்டியது, உதறினாலும் விழவில்லை. என் கை விரலிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. பழையதைக் கொண்டுபோனேன். ஒன்றும் அசையவில்லை. "அம்மா, இது செத்துப்போச்சா?" என்றான்.

பாவுநூல்:
அந்தக் காகிதச் சோதனையை வைத்து மாஸ்க் நல்லது, கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம் சிஸ்டர், அதற்கு உப்புத் துகள் விட்டு அளக்கும் கருவி வேண்டும். ஆனால் நீங்கள் பார்த்தது நிஜம்தான்.

எண்கணக்கு:
டாக்டர், ஒரு கேள்வி. சென்னையில் 1959-ல் வந்த ஆய்வு, காசநோயாளியை வீட்டிலேயே வைத்து வைத்தியம் செய்தாலும் வீட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக நோய் வரவில்லை என்றது. அப்படியானால் வார்டில் மாஸ்க் எதற்கு என்று யாராவது கேட்டால்?

மூச்சு_மருத்துவம்:
நல்ல கேள்வி. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய மையம் அது, இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்க வைக்கும் சானடோரியங்களை உலகம் முழுக்க மூட வைத்த ஆய்வு. அதன் பாடம் என்னவென்றால், மாத்திரை ஆரம்பித்தவரிடமிருந்து பரவுவது வேகமாகக் குறைகிறது. வீட்டில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலான ஆபத்து நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே முடிந்திருக்கும். ஆகவே ஆபத்தானவர், இன்னும் நோய் என்று தெரியாமல் புற நோயாளி வரிசையில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உள்ளவரும் அப்படித்தான். சிஸ்டர் அங்கேதான் மாஸ்க்கை இறுக்க வேண்டும்.

அப்புறம் ஜன்னல். பெரு நாட்டின் லிமாவில் எஸ்கோம்ப் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கதவு ஜன்னலைத் திறந்து வைத்தால் அறைக் காற்று மணிக்கு 28 தடவை மாறியது. காசு போட்டு வைத்த இயந்திரக் காற்றோட்டத்துக்குப் பரிந்துரையே 12 தான். 1950-க்கு முன் கட்டிய, உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள வார்டுகளில் 40. நம் ஊர்ப் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடங்களும் அப்படிப்பட்டவைதான். அவற்றில் பொய்க்கூரை போட்டு, ஏசி வைத்து, ஜன்னலை அடைப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

தென்னந்தோப்பு:
எல்லோருக்கும் நன்றி. நான்கு வருடமாக நெஞ்சில் இருந்த கேள்வி. பதில் கஷ்டமானதுதான், ஆனாலும் தெரிந்துகொண்டதில் ஒரு ஆறுதல். அம்மாவுக்கு 71 வயது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது எது போடச் சொல்வது?

பாவுநூல்:
என்95, தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை உள்ளது. காதில் மாட்டுவது அவ்வளவு இறுகாது. மூச்சு முட்டுகிறது என்றால் படகு வடிவில் மடிப்பது கொஞ்சம் சௌகரியமாக இருக்கும், உள்ளே இடம் அதிகம். துவைக்க வேண்டாம், சானிடைசர் வேண்டாம். காகித உறையில் போட்டு வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கும்.

வார்டு_விளக்கு:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். டாக்டர் சொன்னதை எங்கள் தலைமை நர்ஸிடம் காட்டினேன். தொற்றுத் தடுப்புப் பிரிவில் பேசி, பொருத்தச் சோதனைப் பெட்டி ஒன்றை வேறு இடத்திலிருந்து இரவல் வாங்கி வந்தார்.

தலையில் ஒரு பிளாஸ்டிக் கூண்டைக் கவிழ்க்கிறார்கள். முன்னால் ஒரு ஓட்டை. அதன் வழியே சாக்கரின் கரைசலைப் புகையாக அடிக்கிறார்கள். முதலில் மாஸ்க் இல்லாமல், நாக்குக்கு இனிப்பு தெரிகிறதா என்று பார்க்க. பிறகு மாஸ்க் போட்டுக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, குனிந்து, பேசி. இனிப்பு தெரிந்தால் எங்கேயோ சந்து இருக்கிறது என்று அர்த்தம்.

பதினான்கு பேரில் ஒன்பது பேருக்கு இனித்தது. எனக்கும்தான். தலையை இடது பக்கம் திருப்பியதும் நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு தித்திப்பு, தாடைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. அதே மாஸ்க்கை எத்தனை வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். தாடி வைத்திருந்த வார்டு பாய் தம்பிக்கு எந்த மாஸ்க் போட்டும் இனித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் மழித்துவிட்டு வந்தான்.

எனக்கு ஒரு அளவு சின்னது கொடுத்தார்கள். பட்டையை உச்சந்தலைக்கு ஏற்றி, மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி, மறுபடியும் கூண்டுக்குள் போனேன். திருப்பினேன், குனிந்தேன், ஒன்றிலிருந்து முப்பது வரை சத்தமாக எண்ணினேன். நாக்கில் ஒன்றும் இல்லை. வெறும் உமிழ்நீர்.

அந்தச் சின்ன அளவு எங்கள் ஸ்டோரில் இல்லை. கேட்டு எழுதிப் போட்டிருக்கிறோம். டாக்டர், மேல் ஜன்னல் ஆறில் நான்கு திறந்தாகிவிட்டது. மீதி இரண்டும் பெயின்ட்டில் ஒட்டிக் கிடக்கிறது, தச்சர் வியாழக்கிழமை வருகிறார்.